ஸ்லீப்பிங் பேக் மேல போட்டிருக்கற மைனஸ் நம்பரை நம்பி மலையேறாதீங்க

நவம்பர் பொறந்தாப் போதும், கோயமுத்தூர்ல நம்ம கிளினிக்குக்கு மலையேறப் போறதுக்கு மெடிக்கல் சர்டிஃபிகேட் வாங்க பசங்க வர ஆரம்பிச்சுருவாங்க. திருப்பூர், ஈரோடு, கோபி பக்கமிருந்தெல்லாம் வருவாங்க, நெறைய பேரு உத்தராகண்ட் பக்கம் இமயமலைல இருக்கற கேதார்காந்தா போறவங்க, 12,500 அடி, டிசம்பர் ஜனவரில அங்க ராத்திரி மைனஸ் 10 டிகிரிக்குக் கீழயும் எறங்கும். பிரஷர் பாத்து, ஸ்டெத் வெச்சுப் பாத்து, முன்னாடி ஏதாச்சும் வீசிங் இருந்துச்சான்னு கேட்டுட்டு, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு கேப்பனுங்க, படுக்கறதுக்கு என்ன எடுத்துட்டுப் போறீங்கன்னு. ஷூ, ஜாக்கெட்டுன்னு அவ்வளவு தேடித்தேடி வாங்குனவங்க இதுக்கு மட்டும் "ஆன்லைன்ல மைனஸ் 10னு போட்டிருந்துச்சுங்க டாக்டர், வாங்கியாச்சு"ன்னு ஒரே வரில முடிச்சுருவாங்க.

அந்த மைனஸ் 10 எந்த மைனஸ் 10னு பாக்கோணுமுங்க.

முதல்ல ஒண்ணு. ஸ்லீப்பிங் பேக், அதான் உள்ள நுழைஞ்சு படுக்கற பஞ்சுப் பை, தானாச் சூடு குடுக்காது. சூடு உண்டாக்கறது உங்க உடம்பு, பை அதை வெளிய விடாமப் புடிச்சு வெக்குது, அவ்வளவுதான். வீட்டுல இலவம்பஞ்சுத் தலகாணிய வெயில்ல போட்டு எடுத்தா புஸ்ஸுனு உப்பிக்குமில்ல, அந்த உப்பலுக்குள்ள நிக்கற காத்துதான் பைக்குள்ளயும் வேலை செய்யுது. உப்பல் போச்சுன்னா சூடும் போச்சு. நசுங்குனாலும் போகும், நனைஞ்சாலும் போகும்.

இப்ப லேபிளுக்கு வரலாம். நல்ல கம்பெனி பைகளை ஐஎஸ்ஓ 23537னு ஒரு தரப்படி டெஸ்ட் பண்றாங்க, முன்னாடி இது ஈஎன் 13537னு இருந்துச்சு. சூடேத்துன ஒரு பொம்மைய பைக்குள்ள படுக்க வெச்சு, அடியில மேட் போட்டு, உள்ள முழுக்கை முழுக்கால் துணி மாட்டி, குளிர் ரூம்ல வெச்சு எவ்வளவு சூடு வெளிய போகுதுன்னு அளக்கறாங்க. அதுலருந்து மூணு நம்பர் வரும். கம்ஃபர்ட்ங்கறது 25 வயசு, 60 கிலோ பொண்ணு ஒருத்தர் கையக்கால நீட்டி நிம்மதியாத் தூங்கற அளவு. லிமிட்ங்கறது அதே வயசுப் பையன் சுருண்டு படுத்து நடுங்காம ராத்திரிய ஓட்டற அளவு. எக்ஸ்ட்ரீம்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அது தூங்கறதுக்கே இல்லீங்க, ஆறு மணி நேரம் உசுரோட இருக்கலாம், ஆனா உடம்பு சில்லிட்டுப் போற ஆபத்து உண்டு, விரல் உறைஞ்சு போகலாம்னு அர்த்தம். ஆன்லைன்ல பெருசா போடற நம்பர் நெறைய தடவை லிமிட்டாவோ எக்ஸ்ட்ரீமாவோதான் இருக்கும். எந்தத் தரமும் போடாம வெறுமனே மைனஸ் 10னு அடிச்சு விக்கற பையும் ஏராளம்.

போன சீசன்ல திருப்பூர் பனியன் கம்பெனில மெர்ச்சன்டைசரா இருக்கற ஒரு பொண்ணு வந்துச்சு, லேபிள் படிக்கறதே அதோட பொழப்பு, ஃபோன்ல போட்டோ எடுத்துட்டு வந்திருந்துச்சு. கம்ஃபர்ட் 2, லிமிட் மைனஸ் 4, எக்ஸ்ட்ரீம் மைனஸ் 20. "கடைக்காரரு மைனஸ் 20 வரைக்கும் தாங்கும்னு சொன்னாருங்க டாக்டர்"னுச்சு. ஒல்லியான உடம்பு, தைராய்டு மாத்திரை எடுக்கற பொண்ணு. "ஏங்கண்ணு, உனக்கு அந்த 2ங்கற நம்பர் கூட பத்தாது"ன்னேன். தைராய்டு சுரப்பு கம்மியா இருந்தா உடம்பு சூடு உண்டாக்கறதே கம்மி, ரத்தசோகை இருக்கறவங்களும் குளிர் தாங்க மாட்டாங்க, அறுபது தாண்டுனவங்களும் அப்படித்தான். அந்த டெஸ்ட் பொம்மைக்கு இதெல்லாம் ஒண்ணும் கிடையாதில்ல. அதனால போற எடத்து ராத்திரிக் குளிரைக் கேட்டுட்டு, கம்ஃபர்ட் நம்பர் அதைவிட ஒரு அஞ்சு டிகிரியாவது கீழ இருக்கற மாதிரி பாருங்கன்னுதான் நான் எல்லார்கிட்டயும் சொல்றது.

அந்தப் பொண்ணு கடைசில பனிக்கு ஏத்த பைய ட்ரெக் போற எடத்துலயே வாடகைக்கு எடுத்துக்குச்சு, அதுக்குள்ள போடறதுக்கு அவங்கம்மாவோட பழைய சிறுமுகை சாஃப்ட் சில்க் சேலைய மடிச்சு மூணு பக்கம் தையல் போட்டு உறை மாதிரி கொண்டு போச்சு. எனக்கு ரொம்பப் புடிச்சது இது. பட்டு எடை கம்மி, உள்ள போட்டா கொஞ்சம் கதகதப்பு சேரும், அதைவிட முக்கியம் பலபேரு படுத்த பை நேரா நம்ம தோல்ல படாது. ட்ரெக் போய்ட்டு வந்து ரெண்டு மூணு வாரத்துல விரலிடுக்குல ராத்திரில அரிக்குதுன்னு வர்றவங்கள்ல சொறிசிரங்கு பாத்திருக்கேன், அந்தப் பூச்சி மனுச உடம்ப விட்டு எறங்குனாலும் துணில ரெண்டு மூணு நாள் உசுரோட இருக்கும்.

இமயமலை போகாம இங்கயே ஊட்டி, வால்பாறை, ஏற்காடுன்னு டென்ட் போடறவங்களுக்கு கணக்கு வேற. ஆயிரம் மீட்டர் ஏறுனா சுமாரா ஆறரை டிகிரி குறையும், கோயமுத்தூர்ல 18 இருந்தா 2,240 மீட்டர்ல இருக்கற ஊட்டில 6 கிட்ட வரும். பள்ளத்துல குளிர்காத்து எறங்கித் தேங்கும், ஊட்டிக்குப் பக்கத்துல தலைக்குந்தால ஜனவரில புல்லு மேல வெள்ளையா உறைபனி படியறது அதனாலதான், டென்ட்ட சித்தே மேட்டுல போட்டீங்கன்னா நல்லது. இங்க குளிரைவிட ஈரம்தான் பெரிய எதிரி. வாத்து இறகு வெச்ச டவுன் பை எடை கம்மி, சுருட்டுனா சின்னதாயிரும், காஞ்ச குளிருக்கு அதை அடிச்சுக்க ஆளில்லை, ஆனா பனித்தண்ணி எறங்கி நனைஞ்சுதுன்னா சப்பையாப் போயிரும். நம்ம மலைக்கு செயற்கைப் பஞ்சு வெச்ச சிந்தெட்டிக் பை போதும், எடை கூடத்தான், ஆனா வெலை கம்மி, ஈரமானாலும் ஓரளவு சூட்டப் புடிக்கும்.

அடியில போடற மேட்ட யாருமே கண்டுக்கறதில்லை. படுத்தா நம்ம எடைல பையோட அடிப்பக்கம் நசுங்கிருது, அங்க உப்பலே இல்லை, தரை நம்ம சூட்ட உறிஞ்சிட்டே இருக்கும். பவானி ஜமக்காளம் வீட்டுத் திண்ணைக்கு அருமையான சாமான், ஈரத் தரைல அது தண்ணியக் குடிச்சுரும். ஃபோம் மேட்டுல ஆர் வேல்யூன்னு ஒரு நம்பர் போட்டிருப்பாங்க, சூடு தரைக்குப் போகாம எவ்வளவு தடுக்கும்ங்கறதுதான் அது, ஊட்டி மாதிரி எடத்துக்கு 2, 3 போதும், பனி மேல படுக்கறதுக்கு 4க்கு மேல வேணும், ரெண்டு மேட்ட ஒண்ணு மேல ஒண்ணு போட்டா ரெண்டு நம்பரையும் கூட்டிக்கலாம்.

நடந்த வேர்வையோட அதே காட்டன் பனியன்ல பைக்குள்ள நுழையாதீங்க. திருப்பூர் காதர்பேட்டைல குளிருக்குப் போடற பாலியெஸ்டர் தெர்மல் உள்ளாடை கெடைக்கும், ஒரு செட்ட படுக்கறதுக்குன்னே தனியா வெச்சுக்கோங்க. தலைக்கு மங்கி குல்லா போடுங்க, மூஞ்சிய பைக்குள்ள இழுத்துக்கிட்டா மூச்சு ஈரம் பூரா உள்ளயே தங்கிரும். படுக்கறதுக்கு முன்னாடி நாலு கடலைமிட்டாயாச்சும் சாப்புடுங்க, உடம்பு சூடு பண்ண வெறகு வேணுமில்ல. ஒண்ணுக்கு வந்தா அடக்காமப் போய்ட்டு வந்துருங்க.

சக்கரை இருக்கறவங்க இதை நல்லாக் கவனிங்க. பைக்குள்ள சுடுதண்ணி பாட்டில் வெச்சுக்கற பழக்கம் ட்ரெக்ல உண்டு, கால் மரத்துப் போனவங்களுக்கு அது சுடறதே தெரியாது, காலைல கொப்புளத்தோடதான் எந்திரிப்பாங்க. துணி சுத்தி வயித்துப்பக்கம் வெச்சுக்கலாம், கால்ல வேண்டாம்.

குளிருக்கு ஒரு ரவுண்டுன்னு ஆரம்பிக்கறதும் தப்புங்க. சரக்கு உள்ள போனா தோல்ல இருக்கற ரத்தக்குழாய் விரியும், கதகதன்னு இருக்கும், உள்ளருந்து சூடு வெளிய ஓடிட்டிருக்கும். கூட வந்தவரு நடுங்கிட்டே இருந்துட்டு நடுக்கம் நின்னு, பேச்சு கொழறி, நடை தள்ளாடுனா அது சரியாயிருச்சுன்னு அர்த்தமில்லை, உடம்பு சூடு ரொம்ப எறங்கிருச்சு. ஈரத்துணியக் கழட்டி, அடியில மேட் போட்டு, பைக்குள்ள படுக்க வெச்சு, துணி சுத்துன சுடுதண்ணி பாட்டில் அக்குள்ல குடுங்க, ஏன்னா அவரு உடம்பு அப்ப போதுமான சூடு உண்டாக்கறதில்லை, வெறும் பை போதாது. நெனப்போட இருந்து முழுங்க முடிஞ்சா மட்டும் சக்கரை போட்ட சூடான தண்ணி. கையக்காலத் தேய்க்காதீங்க, மெதுவாக் கையாண்டு சீக்கிரமா கீழ எறக்கப் பாருங்க.

பை பத்தலைன்னு கரி அடுப்பையோ பார்பிக்யூ கங்கையோ டென்டுக்குள்ள மட்டும் கொண்டு போயிராதீங்க, அணைஞ்சாப்பல தெரிஞ்சாலும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசமும் இல்லை நெறமும் இல்லை, தூக்கத்துலயே ஆளக் கொண்டு போயிரும். டென்டுக்குள்ள ரெண்டு பேருக்கு ஒண்ணா தலைவலி, வாந்தி வந்தா என்ன காரணம்னு உள்ள உக்காந்து யோசிக்காம, மொதல்ல ஜிப்பத் தொறந்து எல்லாரும் வெளிய வாங்க, பொறகு ஆஸ்பத்திரிக்கு வழியப் பாருங்க.