அப்பனும் அம்மாவும் துணைக்கு வராத பயணம்: விராலடிப்பான் குஞ்சு தனித்து வாழப் பழகும் விதம்

அக்டோபரில் முட்டுக்காட்டுக் கழியிலோ பழவேற்காட்டு ஏரியிலோ, மீன் பிடித்துத் தின்னும் வேட்டைப் பறவையான விராலடிப்பான் (Osprey) ஒன்றைப் பார்த்தால், முதலில் அதன் முதுகைக் கவனியுங்கள். ஒவ்வொரு இறகின் நுனியிலும் வெளிறிய விளிம்பு இருந்து, முதுகு முழுக்கச் செதில் பதித்ததுபோலத் தெரிந்தால் அது அந்த ஆண்டு பிறந்த பறவை. முட்டையை விட்டு வெளியே வந்து நான்கைந்து மாதம்தான் ஆகியிருக்கும். அதற்குள் பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்திருக்கிறது. வழியில் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. கூடப் பிறந்தவையும் தனித்தனியாகத்தான் கிளம்பியிருக்கும்.

விராலடிப்பான் சென்னைப் பக்கம் கூடு கட்டுவதில்லை. குளிர்காலத்துக்கு மட்டும் வருகிறது. ஆகவே ஒரு குஞ்சு தன் காலில் நிற்கும் கதையின் முற்பாதி ஆசியாவின் வடபகுதியில் ஏதோ ஒரு ஏரிக்கரை மரத்தின் உச்சியில் நடந்து முடிந்திருக்கும். பிற்பாதி நம் கழிமுகங்களில் நடக்கிறது. அந்த முற்பாதி தெரிந்திருந்தால், இங்கே அது தண்ணீரில் விழுந்து விழுந்து வெறுங்காலோடு எழுவதன் பொருள் விளங்கும்.

பெண் பறவை பெரும்பாலும் இரண்டோ மூன்றோ முட்டையிடும். ஒவ்வொன்றுக்கும் இடையே ஓரிரு நாள் இடைவெளி இருக்கும். முதல் முட்டை இட்டதிலிருந்தே அடைகாக்கத் தொடங்குவதால், ஏறக்குறைய 37 நாளில் முதல் குஞ்சு பொரிந்துவிடும். மற்றவை ஓரிரு நாள் பிந்தும். இந்தச் சிறு வித்தியாசம் பின்னால் பெரிதாகிறது. மீன் தாராளமாகக் கிடைக்கும் ஆண்டில் மூன்றும் பிழைக்கும். மழையோ காற்றோ தொடர்ந்து தகப்பனால் மீன் பிடிக்க முடியாமல் போனால், மூத்தது முதலில் தின்னும், கடைசிக் குஞ்சு மெலிந்து சாகும். பார்க்கக் கொடுமையாக இருக்கும். ஆனால் கிடைக்கிற மீனை மூன்றுக்கும் சமமாகப் பங்கிட்டால் மூன்றுமே தேறாமல் போகக்கூடும்.

பொரிந்த குஞ்சின் எடை 50 முதல் 60 கிராம். முதல் பத்து நாள் அதனால் தன் உடல் சூட்டைக் காத்துக்கொள்ள முடியாது. தாய் கூட்டை விட்டு நகராமல் அதன்மேல் படுத்திருக்கும். மீன் கொண்டுவருவது தகப்பனின் வேலை. பிடித்த மீனின் தலையைத் தான் தின்றுவிட்டு மிச்சத்தைக் கூட்டுக்குக் கொண்டுவருவது அதன் வழக்கம். தாய் அதிலிருந்து சிறு சிறு துண்டாகக் கிழித்துக் குஞ்சின் அலகில் வைக்கும். வளர்ந்த பறவை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 300 கிராம் மீன் வேண்டும். வேகமாக வளரும் குஞ்சுகள் மூன்று இருந்தால் தகப்பன் ஒரு நாளில் நான்கைந்து மீனாவது கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

இரண்டாம் வாரத்தில் குஞ்சு கறுத்து, ஓணான் மாதிரி தோற்றம் கொள்ளும். அதன் பிறகு இறகு முளைக்கும். ஆறு வாரத்தில் எடை ஏறக்குறைய பெற்றோரின் எடையை எட்டிவிடும், ஆனால் சிறகு இன்னும் முழு நீளத்துக்கு வளர்ந்திருக்காது. இந்தக் கட்டத்தில்தான் மீனைக் காலால் அழுத்திப் பிடித்துத் தானே கிழித்துத் தின்னப் பழகுகிறது. தனித்து வாழ்வதற்கான முதல் படி இதுதான். பறப்பதையே முதல் படியாகப் பலர் நினைக்கிறார்கள். தின்னத் தெரியாத பறவை பறந்து என்ன பயன்?

ஏழாம் வாரத்தில் குஞ்சு காற்றுக்கு எதிரே நின்று சிறகை அடிக்கும். நல்ல காற்று அடித்தால் கூட்டின்மேல் ஓரடி, இரண்டடி எழுந்து, அந்தரத்தில் நின்று மீண்டும் இறங்கும். பல நாள் இப்படிப் பழகிய பிறகு, 50 முதல் 55 நாள் வயதில் ஒரு நாள் கூட்டை விட்டுக் கிளம்பும். முதல் பறத்தல் சில நிமிடம்தான். சிரமமெல்லாம் இறங்குவதில் இருக்கிறது: கூட்டின் விளிம்பைத் தவறவிடும், மெல்லிய கிளையில் உட்காரப் போய்ச் சறுக்கும், சில சமயம் தரையில் இறங்கிவிட்டு மேலே ஏற வழி தெரியாமல் நிற்கும்.

பறந்த பிறகும் கூடுதான் அதன் சாப்பாட்டு மேடை. இன்னும் நான்கு வாரமோ அதற்கு மேலோ தகப்பன் அங்கேதான் மீனைக் கொண்டுவந்து போடும். குஞ்சு பகலெல்லாம் கத்தும். தகப்பன் தூரத்தில் தென்பட்டால் இன்னும் உரக்கக் கத்தும். இந்த நாட்களில் தாய் முதலில் கிளம்பிவிடுகிறது. குஞ்சுகள் இன்னும் தகப்பனின் மீனை நம்பியிருக்கும்போதே அது தெற்கே பறந்துவிடும். அடைகாத்தும் காவல் இருந்தும் மெலிந்த உடம்பை, நீண்ட பயணத்துக்கு முன் அது தேற்றிக்கொள்ள வேண்டும். பிறகு 80 முதல் 100 நாள் வயதுக்குள் குஞ்சுகள் ஒவ்வொன்றாகப் புறப்படும். பெரும்பாலும் கடைசியாகக் கிளம்புவது தகப்பன்தான்.

வீட்டிலிருந்தே பார்க்க

இந்த முற்பாதியைச் சென்னையில் உட்கார்ந்தபடியே பார்க்க இன்று வழி இருக்கிறது. ஸ்காட்லாந்தின் லாக் கார்ட்டன், வேல்ஸின் டவி, இங்கிலாந்தின் ரட்லண்ட் ஆகிய இடங்களிலுள்ள கூடுகளைக் கேமரா வைத்து இணையத்தில் நேரலையாகக் காட்டுகிறார்கள். ஏப்ரலில் முட்டை, மே மாதக் கடைசிக்குள் குஞ்சு, ஜூலையில் முதல் பறத்தல், ஆகஸ்டு கடைசியில் வெற்றுக் கூடு என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். கோடையில் அவர்கள் நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் நாலரை மணி வித்தியாசம். அங்கே விடியற்காலை 5 மணி என்றால் இங்கே ஒன்பதரை. அந்தப் பறவைகள் குளிர்காலத்துக்கு மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போகிறவை, நம் ஊருக்கு வருவதில்லை. ஆனாலும் குஞ்சு வளரும் ஒழுங்கு ஒன்றுதான்.

ரட்லண்டுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. 1996 முதல் சில ஆண்டுகள், ஸ்காட்லாந்துக் கூடுகளிலிருந்து ஏறக்குறைய ஆறு வாரக் குஞ்சுகளை எடுத்துவந்து, கம்பிக்கூண்டில் வைத்து, மனித முகம் தெரியாமல் மீன் ஊட்டி, பறக்கும் வயதில் திறந்துவிட்டார்கள். மீன் பிடித்துக் காட்டவும், வழி காட்டவும் பெரிய பறவை எதுவும் கூட இல்லை. இருந்தும் அவை தாமாகவே தெற்கே கிளம்பின, மீன் பிடித்துப் பிழைத்தன. பிழைத்தவற்றில் சில திரும்பியும் வந்தன. 2001-ல் அங்கே கூடு கட்டிக் குஞ்சும் பொரித்தன. எந்தத் திசையில் போக வேண்டும், தண்ணீரில் எப்படிப் பாய வேண்டும் என்ற அடிப்படை பிறவியிலேயே இருக்கிறது. கை தேர்வது மட்டும் பழக்கத்தால் வருவது.

பயணத்திலும் அப்படியே. பக்கக்காற்று தள்ளினால் அனுபவமுள்ள பறவை அதை ஈடுகட்டித் தன் பாதைக்குத் திரும்பும். முதல் தடவை வரும் பறவை காற்று தள்ளிய பக்கமே நகர்ந்துபோகும். அதனால்தான் இளம்பறவைகள் பரந்து சிதறி, எதிர்பாராத ஏரிகளிலெல்லாம் வந்து இறங்குகின்றன. ஓராண்டு ஓர் ஏரியில் கண்ணில் பட்டு மறு ஆண்டு காணாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மீனைப் பிடிப்பது ஏன் கடினம்

தண்ணீரிலிருந்து வரும் ஒளி மேற்பரப்பில் வளைவதால், சாய்வாகப் பார்க்கும் கண்ணுக்கு மீன் இருக்கும் ஆழத்தைவிட மேலே தெரியும். நேர் மேலிருந்து பார்த்தால் இடம் மாறித் தெரிவது குறையும். ஆகவே தேர்ந்த விராலடிப்பான் 10 முதல் 40 மீட்டர் உயரத்தில் சிறகடித்தபடி நிலையாக நின்று, மீனுக்கு நேர் மேலே வந்த பிறகு செங்குத்தாக விழுகிறது. பாதி வழியில் நின்று, குறியைத் திருத்திக்கொண்டு மறுபடியும் விழுவதும் உண்டு. தண்ணீரைத் தொடுவதற்குச் சற்று முன் இரு கால்களையும் தலைக்கு முன்னே நீட்டும். இந்தப் பறவையால் எட்ட முடியும் ஆழம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். நம் கழிகளில் மேற்பரப்பையொட்டி நீந்தும் மடவையும், ஏரிகளில் மேலே வந்து வாய் திறக்கும் ஜிலேபியும் அதற்கு ஏற்ற இரை. அடியில் கிடக்கும் மீன் அதன் கைக்கு வராது.

காலும் இதற்கென்றே அமைந்தது. வெளிவிரல் பின்னோக்கித் திரும்பும்; முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று வழுக்கும் மீனை நான்கு பக்கமும் கவ்வும். உள்ளங்காலில் கூர்மையான சிறு முட்கள் இருக்கின்றன. மூக்குத் துளைகளை மூடிக்கொள்ளும். மீனோடு எழுந்ததும் உடம்பை உதறித் தண்ணீரைச் சிதறடித்து, மீனின் தலை முன்னே வரும்படி திருப்பிப் பிடிக்கும். காற்றின் தடை குறையும். உகிர், அதாவது கால் நகம், மீனில் மாட்டினால் விடுபடாது, பெரிய மீன் இழுத்து மூழ்கடித்துவிடும் என்று சொல்வார்கள். உகிரில் அப்படிப் பூட்டு எதுவும் இல்லை. கனம் தாங்காவிட்டால் விட்டுவிடும்.

வளர்ந்த பறவைகள் நான்கு பாய்ச்சலுக்கு ஒன்றிலாவது மீன் எடுக்கும். நல்ல நீரில் பத்துக்கு ஏழு வரை எடுப்பதும் பதிவாகியிருக்கிறது. தேடத் தொடங்கியதிலிருந்து பிடிப்பதற்குச் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். முதல் ஆண்டுப் பறவையிடம் இந்தக் கணக்கை எதிர்பார்க்காதீர்கள். சாய்வாகப் பாயும், பாதியில் விட்டு எழும், மிதக்கும் குப்பையின்மேல் விழும். பிடித்த மீனோடு எங்கே உட்காருவது என்று தெரியாமல் சுற்றும். அதற்குள் கரும்பருந்தோ செம்பருந்தோ காக்கைக் கூட்டமோ துரத்தும். பழவேற்காட்டில் இவற்றோடு வெண்வயிற்றுக் கடற்கழுகும் சேர்ந்தால் மீன் பறிபோவது ஏறக்குறைய நிச்சயம்.

அது வந்து சேரும் நேரமும் கடினமானது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அடையாற்றிலும் கோவளம் கழியிலும் செம்மண் கலங்கலாக வெள்ளம் வரும். மேலிருந்து மீன் தெரியாது. காற்று அலை எழுப்பினாலும் அதே கதை. ஜனவரி, பிப்ரவரிக் காலைகளில் நீர் தெளிந்து, காற்று அடங்கியிருக்கும்போது அதே பறவையைப் பாருங்கள். பாய்ச்சல் செங்குத்தாகியிருக்கும், வீணான பாய்ச்சல் குறைந்திருக்கும். இந்த மாற்றத்தை மாதாமாதம் குறித்துவைப்பதைவிட நல்ல ஆய்வு எனக்குத் தெரியவில்லை.

செய்முறை எளிது. 8x42 தொலைநோக்கி போதும். காலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை, சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். சென்னையில் கடல் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவுதான் என்றாலும் கழிமுகத்தில் அதற்கேற்ப மீன் இடம் மாறும். ஆகவே ஓத நேரத்தையும் எழுதுங்கள். ஒவ்வொரு வேட்டையிலும் நான்கு குறிப்பு: தேடத் தொடங்கிய நேரம், தண்ணீரைத் தொட்ட பாய்ச்சல்கள், தொடாமல் விட்டவை, மீன் கிடைத்ததா இல்லையா. தொடாமல் விட்டதைப் பாய்ச்சலோடு சேர்த்து எண்ணிவிட்டால் கணக்கு முழுவதும் கெட்டுப்போகும். புதிதாகக் குறிப்பெடுப்பவர்களிடம் அடிக்கடி காணும் பிழை இது. பறவை மீன் தின்னும் கம்பத்துக்கு 100 மீட்டருக்குள் போக வேண்டாம். ஒரு தடவை எழுப்பிவிட்டால், காத்திருக்கும் பருந்துக்கு அந்த மீனை நாமே எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

தூரத்தில் பறப்பதை அடையாளம் காண அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளை வயிறு, சிறகு மடங்கும் மணிக்கட்டில் கரும்புள்ளி, நீண்டு வளைந்த சிறகு, கண் வழியாக ஓடும் கரும்பட்டை. இளம் செம்பருந்து பழுப்பாக இருக்கும். அது நீரில் மூழ்காது, மேலாக அள்ளிக்கொண்டு போகும். விராலடிப்பானின் வயதைச் சொல்ல முதுகுச் செதிலோடு கண்ணும் உதவும்: இளசுக்கு ஆரஞ்சு, வளர்ந்ததற்கு மஞ்சள். பிப்ரவரிக்குள் வெளிறிய விளிம்புகள் தேய்ந்து போவதால், வயதை அக்டோபர் முதல் டிசம்பருக்குள் தீர்மானித்துவிடுங்கள். பிறகு எடுக்கும் படத்தை வைத்துச் சொல்வது கடினம்.

மார்ச், ஏப்ரலில் பெரிய பறவைகள் வடக்கே போய்விடும். முதல் ஆண்டுப் பறவை பெரும்பாலும் போவதில்லை. அதற்கு அங்கே வேலை இல்லை. அடுத்த கோடை முழுக்கத் தெற்கேயே இருந்து, இரண்டு வயது நெருங்கும்போதுதான் பிறந்த திசைக்குத் திரும்பும். கூடு கட்டுவது மூன்று முதல் ஐந்து வயதில். ஆகையால் மே, ஜூன், ஜூலையில் பழவேற்காட்டிலோ கேளம்பாக்கம் உப்பளப் பக்கமோ விராலடிப்பான் தென்பட்டால் தேதி தவறென்று ஒதுக்காதீர்கள். பறவை நோக்குவோர் வெயிலுக்குப் பயந்து வெளியே போகாத அந்த மாதங்களில்தான் குறிப்புகள் மிகக் குறைவு. பறவைக் குறிப்புகளைப் பதியும் ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் முதுகு, அடிச்சிறகு, முகம் மூன்றும் தெரியும் படங்களோடு பதியுங்கள். காலில் வளையம் இருந்தால் எந்தக் கால், என்ன நிறம், என்ன எழுத்து என்பதையும் சேருங்கள்.

உட்காரும் இடத்தையும் துல்லியமாகக் குறியுங்கள்: பட்ட பனையா, மின்கம்பமா, வலை கட்ட நட்ட கம்பா என்று. ஒரு குளிர்கால இடம் பிடித்துப்போனால் விராலடிப்பான் ஆண்டுதோறும் அதே இடத்துக்கு வரும். முதல் ஆண்டில் எந்தக் கம்பத்தில் உட்கார்ந்தது என்ற குறிப்பு இருந்தால், மூன்றாம் ஆண்டு அக்டோபரில் செதில் முதுகு மறைந்து மஞ்சள் கண்ணோடு அங்கே வந்து உட்காரும் பறவை அதுவாக இருக்கலாமா என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.