பிரெஞ்சுக் கேள்விக்குள் வந்த ‘த்’

பிரெஞ்சு கற்கத் தொடங்கியிருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: “‘இல் யா’ என்றால் ‘இருக்கிறது’. ‘இருக்கிறதா?’ என்று கேட்க ‘யாதில்?’ என்கிறார்கள். நடுவில் அந்தத் ‘த்’ எப்படி வந்தது?”

ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியை பிரெஞ்சில் மூன்று விதமாகக் கேட்கலாம். வாக்கியத்தை அப்படியே வைத்துக் கடைசியில் குரலை உயர்த்தலாம்: ‘வூ பார்லே ஆங்க்லே?’ (ஆங்கிலம் பேசுவீர்களா?). முன்னால் ‘எஸ்க’ சேர்க்கலாம். வினையை எழுவாய்க்கு முன்னே கொண்டுவரலாம்: ‘பார்லே-வூ?’ கடைவீதிக்கு முதல் இரண்டே போதும். ‘எஸ்க பார்லே-வூ?’ என்று கலந்துவிடக் கூடாது. ‘எஸ்க’வுக்குள்ளேயே ‘எ’ என்ற வினை ஒருமுறை எழுவாய்க்கு முன்னே வந்துவிட்டது.

இனி அந்தத் ‘த்’. உச்சரிப்பு எளிமைக்காக வந்தது என்று பாடநூல்கள் முடித்துவிடுகின்றன. இது பாதி உண்மைதான். ‘இல் வா ஆ ஆர்ல்’ (அவன் ஆர்ல் நகருக்குப் போகிறான்) என்று உயிரெழுத்துகளை அடுத்தடுத்துச் சொல்ல பிரெஞ்சுக்காரர்களுக்குச் சிரமமே இல்லை. லத்தீனில் படர்க்கை ஒருமை வினை ‘த்’ என்றே முடிந்தது: அமத் (நேசிக்கிறான்), ஹபெத் (வைத்திருக்கிறான்). பல வினைகளில் அது பின்னர் உதிர்ந்தது. ‘எ’ (இருக்கிறான்) போன்றவற்றில் எழுத்தளவில் தங்கி, உயிரெழுத்து தொடர்ந்தால் மட்டும் ஒலித்தது: ‘எ-தில்?’ ‘ப்ரான்’ (எடுக்கிறான்) என்ற வினையின் இறுதி எழுத்து ‘ட்’ ஒலிக்குரியதாக இருந்தும், கேள்வியில் ‘ப்ரான்-தில்?’ என்றே ஒலிக்கிறது. இத்தனை வினைகளில் ‘தில்’ கேட்டுப் பழகிய காது, ‘த்’ இல்லாத வினைகளிலும் அதையே எதிர்பார்த்தது. ‘பார்ல்-தில்?’ (பேசுகிறானா?), நீங்கள் கேட்ட ‘யாதில்?’ இரண்டும் அப்படிப் பிறந்தவை. 16ஆம் நூற்றாண்டில் எழுத்தில் ‘த்’ இல்லாதபோதும் வாயில் இருந்தது.

இதற்கு அடுத்து நடந்ததுதான் அழகு. பேச்சில் ‘இல்’லின் (அவன், அவர்) ‘ல்’ மறைந்து, ‘தில்’ என்பது ‘தி’ ஆனது. ‘வோத்ர் பேர் பார்-தி?’ (உங்கள் அப்பா கிளம்புகிறாரா?) என்ற கேள்வியில் எழுவாய் ஏற்கெனவே இருப்பதால், ‘தி’யை அவர் என்ற பொருளில் யாரும் கேட்கவில்லை. தமிழின் வினா ‘ஆ’ போல அது தனி இடைச்சொல்லாகி, ‘தூ வியான்-தி?’ (நீ வருகிறாயா?) என முன்னிலையிலும் ஒட்டியது. பிரெஞ்சு மொழியறிஞர் காஸ்தோன் பாரி 1877இல் இதைக் கேள்வியைக் காட்டும் சொல்லாகவே விவரித்தார். படிப்பறியாதவர் பேச்சு என்று ஒதுக்கப்படும் வடிவங்களில்தான் இலக்கணம் கண்ணெதிரே உருவாகிறது. அவற்றைப் பதிவுசெய்ய இன்னும் நிறையச் செலவிட வேண்டும் என்பேன்.

கனடாவில் பிரெஞ்சு பேசும் மாகாணமான கியூபெக்கில் இந்த இடைச்சொல்லின் வடிவம் ‘தூ’. அங்கே ‘த்ஸ்யூ’ என ஒலிக்கும். ‘சா வா-த்ஸ்யூ?’ என்றால் ‘எல்லாம் சரியா?’. அதில் ‘நீ’ என்ற பொருளைத் தேட வேண்டாம். தேர்வுத்தாளில் எழுதாதீர்கள், அங்குள்ள மொன்ட்ரியால் நகரில் யாராவது கேட்டால் ‘வீ’ (ஆம்) என்று பதில் சொல்லுங்கள்.