காற்றின் போக்கில் வளையும் தகடு

காற்றை அழுத்தும் மையவிலக்கு கம்ப்ரசருக்குள் சுழலும், தகடுகள் கொண்ட சக்கரம்தான் இம்பெல்லர். 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள இம்பெல்லர் ஒன்று நிமிடத்துக்கு 30,000 முறை சுழன்றால், அதன் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 390 மீட்டர் வேகத்தில் பாயும். விளிம்பில் உள்ள 1 கிராம் உலோகம் 125 கிலோ எடைக்குச் சமமான விசையோடு வெளியே இழுக்கும். இதைத் தாங்கிக்கொண்டே காற்றையும் சிதறாமல் கொண்டுசெல்லும் தகட்டை உருவாக்குவதுதான் மையவிலக்கு கம்ப்ரசர் வடிவமைப்பாளரின் வேலை.

முதல் கணக்குக்குப் பெரிய கணினி தேவையில்லை. 18ஆம் நூற்றாண்டில் கணிதவியலாளர் ஆய்லர் தந்த சமன்பாடு போதும். காற்று சுழலாமல் உள்ளே நுழைந்தால், ஒவ்வொரு கிலோ காற்றும் பெறும் ஆற்றல், விளிம்பு வேகத்தையும் வெளியேறும் காற்றின் சுழல் வேகத்தையும் பெருக்கினால் கிடைத்துவிடும். ஆனால் காற்று தகட்டின் சொல்லை முழுதாகக் கேட்பதில்லை. சற்றே பின்தங்கி நழுவுகிறது. ஆரத்தின் திசையிலேயே முடியும் 20 தகடுகள் இருந்தால், ஸ்டானிட்ஸ் என்ற ஆய்வாளர் தந்த சூத்திரப்படி, விளிம்பு வேகமான 390 மீட்டரில் சுமார் 350தான் காற்றின் சுழல் வேகமாகத் தேறும். அதுவே காற்றின் வெப்பநிலையை 135 டிகிரி அளவுக்கு உயர்த்திவிடும்.

தகடுகளுக்கு நடுவே என்ன நடக்கிறது என்பதை இந்தக் கணக்கு சொல்லாது. 1952இல் சுங்-ஹுவா வூ என்ற ஆய்வாளர் ஒரு வழி கண்டார்: முப்பரிமாண ஓட்டத்தை இரண்டு வகைப் பரப்புகளாகப் பிரித்து, ஒன்றின் விடையை மற்றொன்றுக்குக் கொடுத்து மாறி மாறித் தீர்ப்பது. இன்று காற்று போகும் பாதையை லட்சக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, காற்று, நீர் போன்றவற்றின் ஓட்டத்தை விவரிக்கும் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகளை, கொந்தளிப்பைச் சராசரியாக்கி, நேரடியாகவே தீர்க்கிறார்கள். படங்கள் வண்ணமயமாக இருக்கும். ஆனாலும், கொடுத்த தகடு எப்படி வேலை செய்யும் என்றுதான் அவை சொல்லும். எப்படிப்பட்ட தகடு வேண்டும் என்று சொல்லாது.

என் பார்வையில் சுவையான பகுதி, கேள்வியைத் தலைகீழாக்கும் தலைகீழ் வடிவமைப்பு முறைதான். நுழைவாயிலிலிருந்து வெளிவாயில்வரை காற்றின் சுழற்சி எங்கே எவ்வளவு ஏற வேண்டும் என்று வடிவமைப்பாளர் முதலில் சொல்லிவிடுகிறார். தகட்டின் வளைவைக் கணினி தேடித் தருகிறது. சுழற்சி வேகமாக ஏறும் இடத்தில் தகட்டின் இரு பக்கங்களுக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு பெரிது. தகட்டின் வெளியுறைப் பக்கம் அந்த அழுத்தச் சுமையை முன்பகுதியிலும், அச்சை ஒட்டிய நடுக்குடப் பக்கம் பின்பகுதியிலும் வைத்தால், ஆற்றலை வீணாக்கும் பக்கவாட்டு ஓட்டங்கள் அடங்கும்.

இன்னொரு வழி, தகட்டை 40 எண்களால் விவரித்து ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது. அப்படியானால் திசையறியவே 41 முறை ஓட்டத்தைத் தீர்க்க வேண்டும். இலக்கிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடும் அட்ஜாயின்ட் முறையிலோ, வழக்கமான ஒரு தீர்வோடு ஏறக்குறைய அதே செலவில் இன்னொன்றைச் சேர்த்தால் போதும். செயல்திறன் என்ற ஒரே இலக்குக்கு 40 எண்களையும் எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்று தெரிந்துவிடும்.

நொடிக்கு உள்ளே பாயும் ஒரே ஒரு காற்றளவுக்கு மட்டும் செயல்திறனைக் கேட்டால் கணினி அதை மட்டுமே தரும். காற்றளவு சற்றுக் குறைந்ததும் ஓட்டம் பின்னுக்குத் திரும்பி எந்திரமே குலுங்கலாம். அதனால் குறைந்த, நடுத்தர, மிகுந்த காற்றளவுகள் மூன்றையும் சேர்த்தே சோதிக்கிறார்கள். தகட்டின் பரப்பை நேர்கோடுகளால் ஆனதாக அமைக்கச் சொல்வதும் உண்டு. அப்போதுதான் ஐந்து அச்சுகளில் நகர்ந்து உலோகத்தை வெட்டும் எந்திரம், வெட்டுக்கருவியின் பக்கவாட்டாலேயே அதைச் சீவி எடுக்க முடியும்.