கல்லூரிக்குச் செல்லும் முன் கணினியில் கைபழக வேண்டியவை

மலையகத்தில் உயர்கல்வி மாணவர்களுக்குக் கணினி கற்பிக்கும் நான், புதிதாக வருவோருக்கு முதல் வாரத்தில் எப்போதும் ஒரே பயிற்சியைத்தான் கொடுக்கிறேன். தம்மைப் பற்றி ஐந்து வரி எழுதிச் சேமித்து, கணினியை நிறுத்திவிட்டு, மீண்டும் இயக்கி, அதே ஐந்து வரியைத் திறந்து காட்ட வேண்டும். எழுதுவதில் எவருக்கும் சிரமமில்லை. திறந்து காட்டும் இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த மாணவி ஒருவர், "சேர், எழுதினதைக் காணோம்" என்று கண்கலங்கி நின்றார். அவர் பெயர் எதுவும் வைக்காததால், எழுதிய முதல் வரியையே மென்பொருள் பெயராக எடுத்துக்கொண்டு, வேறு பலரின் கோப்புகளுக்கு நடுவே அதைச் சேமித்திருந்தது.

அதே மாணவி கையடக்கத் தொலைபேசியில் வெகு வேகமானவர். தொலைபேசியில் படம் எடுத்தால் அது தானாகவே ஓரிடத்தில் போய்ச் சேரும். எங்கே சேர்ந்தது என்று நாம் யோசிப்பதில்லை. கணினியில் அந்த யோசனை நம்முடையது. ஆகவே பாடத்துக்கொரு கோப்புறை, ஒவ்வொரு கோப்புக்கும் பாடமும் திகதியும் சேர்ந்த பெயர் என்ற பழக்கம் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னதாக வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எழுதத் தொடங்கியவுடனேயே ஒருமுறை சேமித்துவிட்டு, பின்னர் ஒவ்வொரு பத்தி முடிந்ததும் 'கண்ட்ரோல்' விசையையும் 'எஸ்' விசையையும் சேர்த்து அழுத்துங்கள். தென்மேல் பருவக்காற்று வீசும் நாட்களில் நம் பக்கம் மரம் முறிந்து மின்சாரம் போவது புதிதல்ல. மின்கலம் இல்லாத மேசைக் கணினியில் சேமிக்காத ஒப்படை அந்த நொடியிலேயே போய்விடலாம்.

அடுத்தது மின்னஞ்சல். பல்கலைக்கழக விண்ணப்பத்துக்காக மாணவர் ஒருவருக்கு நகரத்துக் கொமியுனிகேஷன் கடையில் மின்னஞ்சல் முகவரி திறந்து கொடுத்திருந்தார்கள். கடவுச்சொல் கடைக்காரரின் குறிப்புப் புத்தகத்தில் இருந்தது. கணக்கை மீட்பதற்கான தொலைபேசி இலக்கமும் அவருடையதுதான். மாதங்கள் கழித்து மாணவர் தமது தொலைபேசியிலிருந்து நுழைய முயன்றபோது, கூகுள் அனுப்பிய 6 இலக்கக் குறியீடு கடைக்காரர் எப்போதோ கைவிட்ட இலக்கத்துக்குச் சென்றது. பதிவு செய்வதற்கான அறிவித்தல் வந்திருந்ததை, இறுதித் திகதிக்கு இரண்டு நாட்கள் இருக்கையில், உடன் படித்த நண்பர் சொல்லித்தான் அவர் அறிந்தார். கடைக்காரர் உதவத்தான் நினைத்தார். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் முகவரியை உங்கள் கையாலேயே, உங்கள் சொந்தப் பெயரில், உங்களிடமோ பெற்றோரிடமோ நிலையாக இருக்கும் இலக்கத்தைக் கொடுத்துத் திறந்துகொள்ளுங்கள். கடைக் கணினியில் நுழைந்தால் வெளியேறிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். அங்கே இறக்கிய அடையாள அட்டைப் பிரதியையும் அழித்துவிட வேண்டும்.

தமிழ்த் தட்டச்சு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பாடசாலைகளிலும் அச்சகங்களிலும் இன்றும் பாமினி எழுத்துரு புழங்குகிறது. அதில் 'அம்மா' என்று தட்டினால் கணினி உண்மையில் சேமிப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைக் குறிகளையே. பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் விரிவுரையாளர் உங்கள் ஒப்படையைத் திறந்தால் அவருக்குத் தெரிவதும் அவையே. பாமினியில் எழுதி இணையத்தில் இட்ட பக்கம், 'அம்மா' என்று கூகுளில் தேடுபவருக்கும் அகப்படாது. யூனிகோட் முறையில் தமிழுக்கெனத் தனிக் குறியெண்கள் உண்டு என்பதால் இந்தச் சிக்கல் எழுவதில்லை. பாமினியில் பழகிய கை வீணாகிவிடும் என்று அஞ்ச வேண்டாம்; இ-கலப்பை போன்ற இலவச மென்பொருளில் அதே விசையமைப்பைத் தெரிவு செய்து யூனிகோடில் எழுதலாம்.

இணையத்தில் தேடும்போது, முதலில் வந்த பக்கத்தை அப்படியே படியெடுக்காமல், யார் எழுதியது, எப்போது எழுதியது என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஜிமெயிலில் 25 மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை நேரடியாக இணைத்து அனுப்ப முடியாது. பக்கம் பக்கமாகப் படமெடுத்த கையெழுத்து ஒப்படை அந்த அளவை எளிதில் தாண்டிவிடும். எல்லாப் பக்கங்களையும் அளவு குறைத்து ஒரே பிடிஎஃப் கோப்பாக்கி அனுப்பினால் உங்கள் டேட்டாவும் மிஞ்சும்.

வீட்டில் கணினி இல்லாமல் இவற்றை எப்படிப் பழகுவது என்று லயத்துப் பிள்ளைகள் கேட்பது நியாயமான கேள்வி. உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் இடையில் பல மாதங்கள் வெறுமனே கழிகின்றன. அதே காலத்தில் பாடசாலைக் கணினி அறைகள் சனிக்கிழமைகளில் பூட்டிக் கிடக்கின்றன. அதிபர்களிடமும் ஆசிரியர்களிடமும் நான் பணிந்து கேட்பது இதுதான்: பரீட்சை முடித்த பிள்ளைகளுக்காக அந்த அறையைச் சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம் திறந்து வையுங்கள். முதல் நாளில் அந்த ஐந்து வரிப் பயிற்சியை மட்டும் கொடுத்தால் போதும்.