ரிஸ்டோர்: மீட்பா, மீள்நிறுவலா?

பழுது நீக்கிப் பழையபடி ஆக்குவதைக் குறித்த லத்தீன் வினை ரெஸ்டவ்ராரே. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ரிஸ்டோர் ஆனது. ரெஸ்டோரண்டும் இதே வேர்தான்: தெம்பூட்டும் சூப்பின் பெயர், அதை விற்ற இடத்துக்கு ஆகிவந்தது.

கணினியில் பேக்கப்பிலிருந்து, அதாவது காப்புப் பிரதியிலிருந்து, தரவைத் திரும்ப ஏற்றுவதும் ரிஸ்டோர்தான். இதைத் தமிழில் பலரும் 'மீட்டெடுத்தல்' என்று எழுதுகிறார்கள். மீள்தல் திரும்பி வருவது. மீட்டல் திரும்பக் கொண்டுவருவது. செட்டியார் தெருவில் அடகு மீட்டால் அதே சங்கிலி அதே கைக்கு வருகிறது. பேக்கப்பை வேறு சேர்வரில் ஏற்றும்போது நடப்பது அதுவல்ல. மூலம் இருந்த இடத்திலேயே இருக்க, புது இடத்தில் இன்னொன்று எழுகிறது. அதனால் 'மீள்நிறுவல்' என்பதே பொருந்தும்.

இதைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. மைக்ரோசொஃப்ட்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்கியூஎல் சேர்வரில் ரிஸ்டோர் வேறு, ரிகவரி வேறு. முன்னது பேக்கப்பில் உள்ள தரவுப் பக்கங்களை வட்டில் எழுதி, அதில் பதிவான மாற்றங்களையும் அவற்றில் ஏற்றுகிறது. பின்னது, பாதியில் நின்ற பரிமாற்றங்களை (டிரான்சாக்ஷன்களை) நீக்கி, தரவுத்தளத்தைத் திறந்துவிடுகிறது. ரிஸ்டோர் கட்டளையில் நோரிகவரி (ரிகவரி வேண்டாம்) என்று கொடுத்தால் முன்னது மட்டுமே நடக்கும். 'ரிஸ்டோரிங்' என்று காட்டிக்கொண்டே நிற்கும் தரவுத்தளத்தைப் பழுதென்று எண்ணி அழித்துவிடாதீர்கள். அது அடுத்த பேக்கப்புக்குக் காத்திருக்கிறது. ஏற்ற வேறு எதுவும் இல்லையென்றால் வித் ரிகவரி கொடுத்துத் திறக்கலாம். இரண்டையும் 'மீட்பு' என்று எழுதினால் படிப்பவர் தடுமாறுவார். மீட்பை ரிகவரிக்கே விட்டுவிடலாம்.

நிறுவல் என்ற சொல் வேலையின் இயல்பையும் காட்டுகிறது. புறக்கோட்டைக் கடையொன்றின் கணக்குத் தரவுத்தளம் பழைய சேர்வரில் டி டிரைவில் இருந்தது, புதியதில் டி டிரைவே இல்லை என்று வையுங்கள். முதலில் ரிஸ்டோர் ஃபைல்லிஸ்ட்ஒன்லி ஓட்டி உள்ளிருக்கும் கோப்புகளின் தர்க்கப் பெயர்களை (தரவுத்தளம் அவற்றை அழைக்கும் பெயர்களை) பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ரிஸ்டோர் கட்டளையின் மூவ் பகுதியில் புதிய பாதையைச் சொல்ல வேண்டும். 2019 பதிப்பில் எடுத்த பேக்கப் 2016 இல் ஏறாது, பிழை 3169 வரும். பழையதிலிருந்து புதியதற்கு ஏறும். பிழை 5 என்றால், கோப்பைப் படிக்க சேர்வரின் சேவைக் கணக்குக்கு அனுமதியில்லை. நீங்கள் நிர்வாகியாக இருந்தாலும் அது உதவாது.

எல்லாம் ஏறிய பிறகும் மென்பொருள் 'லொகின் ஃபெயில்ட்' என்று நிற்கலாம். பயனர் தரவுத்தளத்துக்குள் இருக்கிறார். அவருடைய லொகின், அதாவது சேர்வருக்குள் நுழையும் கணக்கு, மாஸ்டர் என்ற சேர்வரின் சொந்தத் தரவுத்தளத்தில் இருப்பதால் பேக்கப்போடு வராது. புதிய சேர்வரில் அதே பெயரில் லொகின் உருவாக்கினாலும் உள்ளே உள்ள எஸ்ஐடி என்ற அடையாள எண் வேறாக இருக்கலாம். அப்போது ஆல்டர் யூசர் கட்டளையால் பயனரையும் லொகினையும் இணைக்க வேண்டும். எம்எஸ்டிபி என்ற இன்னொரு சேர்வர் தரவுத்தளத்தில் உள்ள, இரவு நேரத்தில் தானாக ஓடும் ஜொப்களும் அப்படித்தான், தனியாக எடுத்துவர வேண்டும்.