‘உங்கள் பண்பாட்டைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று மட்டும் கேட்காதீர்கள்

வாய்மொழி வரலாறு பதிவு செய்யப் புதிதாக வரும் மாணவர்களின் கேள்வித்தாளை வாங்கினால் நான் முதலில் அடிக்கிற கேள்வி ஒன்று உண்டு. “உங்கள் பண்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள்.” கேட்பவருக்கு அது மரியாதையான கேள்வியாகத் தெரிகிறது. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கோ, மேடையேறி மைக்கைப் பிடி என்று சொன்ன மாதிரி. சட்டென்று குரல் மாறிவிடும். “எங்கள் சமுதாயம் மிகத் தொன்மையானது, விருந்தோம்பலுக்குப் பேர் போனது” என்று ஆரம்பித்து, எந்தச் சமூகத்தின் பெயரைப் போட்டாலும் பொருந்துகிற ஒரு சொற்பொழிவு வரும். ஒலிப்பதிவுக் கருவி அதையும் சமர்த்தாகப் பதிவு செய்துகொள்ளும். கேட்டு முடித்தவருக்குப் புதிதாக ஒன்றும் தெரிந்திருக்காது.

பக்கத்துத் தெருவில் வேறு மொழி பேசுகிறவர்களும் வேறு சாமியைக் கும்பிடுகிறவர்களும் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். அவர்கள் நெய்ததை வாங்குகிறோம், ஆடியதைப் பார்க்கிறோம். உட்கார்ந்து பேசியிருக்கிறோமா என்றால் பெரும்பாலும் இல்லை. கலையையும் கைத்தொழிலையும் முன்வைத்துப் பேட்டி எடுப்பதில் எனக்கு நம்பிக்கை வந்தது இதனால்தான். தன் வேலையைப் பற்றிப் பேசும்போது யாரும் தன் சாதிக்கோ மதத்துக்கோ பிரதிநிதியாக உட்கார வேண்டியதில்லை.

பத்தமடையை எடுத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மகாதேவிக்குப் பக்கத்து ஊர். ரிஷிகேசத்தில் ஆசிரமம் கண்ட சுவாமி சிவானந்தர் 1887-இல் பிறந்தது அங்கேதான். ஆனாலும் ஊருக்குப் பெயர் பாயால். தாமிரபரணிப் பக்கத்துக் கோரையை அறுத்து, கீறிக் காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, மெல்லிசாக வகிர்ந்து, சாயமேற்றி, பருத்தி நூலிலோ பட்டு நூலிலோ பாவு கட்டி நெய்கிறார்கள். நெய்பவர்கள் பெரும்பாலும் லெப்பை முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள். மணமக்கள் பெயரைப் பாயிலேயே நெய்து தருகிற கல்யாணப் பாய்க்கு இந்துக் குடும்பங்களிலிருந்தும் ஆர்டர் வரும்.

என்னோடு அங்கே வந்த மாணவி, “மத ஒற்றுமை பற்றி உங்கள் கருத்து என்ன?” என்று எழுதி வைத்திருந்தாள். அந்தத் தாளைப் பைக்குள் வைக்கச் சொன்னேன். பெயரை எப்படிப் பாய்க்குள் கொண்டுவருகிறார்கள் என்று மட்டும் கேள் என்றேன். தறியில் இருந்த அம்மா கையை நிறுத்தாமலே பேச ஆரம்பித்தார்.

“பேரைத் தாள்ல எழுதித்தான் வாங்குவோம்மா. போன்ல சொன்னா எடுத்துக்க மாட்டோம். இனிஷியல் வேணுமா, மாப்பிள்ள பேரு முதல்லயா பொண்ணு பேரு முதல்லயா, எல்லாம் கேட்டுருவோம். அப்புறம் அவங்க வந்து சண்டை போடக் கூடாதுல்ல?”

எந்த மாதத்தில் வேலை அதிகம் என்று கேட்டோம். ஆடியில் தறி சும்மா கிடக்கும், ஆவணி பிறந்தால் நிற்க நேரமிருக்காது, தை முகூர்த்தத்துக்குக் கார்த்திகையிலேயே ஆள் வந்து நிற்பார்கள், அப்போது பார்த்து மழை, கோரை காயாது என்று அடுக்கிக்கொண்டே போனார். இந்த வருஷம் ஆவணியில் முகூர்த்தம் குறைவு என்று அவர் சொன்னபோது மாணவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். தன் வீட்டுப் பெரியவர்கள் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்வதை ஐந்து வேளை தொழுகிற ஒருவர் வியாபாரக் கணக்காகச் சொல்வதை அவள் அதற்கு முன் கேட்டதில்லை.

அதோடு முடியவில்லை. “ஏம்மா, நான் ஒண்ணு கேக்கேன், கல்யாணம் முடிஞ்ச பெறவு உங்க வீட்டுல அந்தப் பாயை என்ன செய்வாங்க?” என்று அவர் திருப்பிக் கேட்டார். பழைய வேட்டியில் சுற்றிப் பீரோ மேலே வைத்திருக்கிறோம் என்றாள் இவள். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “படுக்கத்தானம்மா நெய்யோம்! பீரோவுக்கா நெய்யோம்?” பிறகு பேட்டி எடுத்தது அவர்தான். வீட்டில் யார் யார், சீர் என்னென்ன வைப்பார்கள், பாய்க்கு யார் காசு கொடுப்பார்கள் என்று வரிசையாகக் கேட்டார். எழுதி வைத்த கேள்வி ஒன்றுகூட வெளியே வரவில்லை.

அதனால் நான் சொல்லிக்கொடுப்பது: பேட்டியில் கால்வாசி நேரத்தை அவர்கள் கேள்விக்கு விடுங்கள். நாம் மட்டும் கேட்டு அவர்கள் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் அது விசாரணை.

இந்த ஒலிப்பதிவு பத்திரிகைக்கோ யூடியூப் சேனலுக்கோ போகும்போது வருகிற தொல்லை தனி. “மத நல்லிணக்கத்தின் சின்னம்” என்று ஒரு தலைப்பு தயாராக இருக்கும். அந்தத் தலைப்பைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். அந்த அம்மா நல்லிணக்கத்துக்காக நெய்யவில்லை, வீட்டுச் செலவுக்கு நெய்கிறார். கோரை விலை, இடுப்புவலி, பிளாஸ்டிக் பாய் வந்து வியாபாரம் படுத்தது என்று அவர் சொன்னதெல்லாம் அந்தத் தலைப்புக்குள் அடங்காது, அதனால் வெட்டிவிடுவார்கள். சின்னமாக்கிவிட்ட ஒருவரை யாரும் புரிந்துகொள்ள மெனக்கெடுவதில்லை. நாளைக்கு ஊரில் ஏதாவது ஒரு சண்டை என்றால், “நல்லிணக்கம் எங்கே போச்சு?” என்று அவரிடமே போய் மைக்கை நீட்டுவார்கள்.

கேள்வி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கேட்கிற ஆளைப் பொறுத்துப் பதில் மாறும். பயிற்சி வகுப்புகளில் இதற்கு நான் எப்போதும் எடுக்கிற உதாரணம் அமெரிக்காவினுடையது. 1936 முதல் 1938 வரை, எழுத்தாளர்களுக்கு வேலை கொடுத்த ஓர் அரசுத் திட்டத்தின் கீழ், ஒரு காலத்தில் அடிமைகளாக இருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பேட்டி எடுத்தார்கள். எடுத்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் சூசன் ஹாம்லின் என்ற மூதாட்டியை 1937-இல் ஜெஸ்ஸி பட்லர் என்ற வெள்ளைக்காரப் பெண் சந்தித்தார். எஜமான் நல்லவர், நன்றாக வைத்திருந்தார் என்கிற தொனியில் பேச்சு போனது. பட்லரை உதவித்தொகை வழங்கும் அலுவலகத்திலிருந்து வந்தவர் என்று மூதாட்டி நினைத்திருந்தார். அகஸ்டஸ் லாட்சன் என்ற கறுப்பினத்தவர் போய்க் கேட்டபோது வந்தவை வேறு கதைகள்: சவுக்கடி, பிள்ளைகளை விற்றபோது தாய்மார்கள் போட்ட ஓலம். பட்லரின் தாளை மட்டும் படித்தவர் அடிமை வாழ்க்கை அவ்வளவு மோசமில்லை என்று முடிவு கட்டியிருப்பார்.

நம் ஊரிலும் இது நடக்கிறது, இவ்வளவு கொடூரமாக இல்லாவிட்டாலும். மதுரையில் சுங்குடிச் சேலை பற்றிப் பதிவு செய்யப் போனால், சௌராஷ்டிரக் குடும்பத்தில் கூடத்துக்கு வந்து பேசுவது பெரும்பாலும் ஆண்கள். குஜராத் பக்கத்திலிருந்து கிளம்பியது, விஜயநகரம் வழியாக வந்தது, நாயக்கர் காலத்தில் மகாலைச் சுற்றிக் குடியேறியது என்று வரலாறு கோவையாக வரும். பலமுறை சொல்லிப் பழகிய பேச்சு அது. உள்ளே ஓர் அம்மா துணியை நகத்தால் கிள்ளி, நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பார். அந்த முடிச்சு விழுந்த இடத்தில் சாயம் ஏறாது, அவிழ்த்தால் புள்ளி. புள்ளி விழுவது அவர் கையால். ஆனால் அவரிடம் நாம் தமிழில் கேட்டால், “அவரையே கேளுங்க, அவருக்குத்தான் எல்லாம் தெரியும்” என்பார்.

அந்தச் சமூகத்து மாணவி ஒருத்தியை அனுப்பி, வீட்டு மொழியிலேயே கேட்க வைத்தோம். சௌராஷ்டிரம் இந்தோ-ஆரிய மொழி, தனி எழுத்தும் உண்டு. தெருமுனைக் கடைக்காரருக்குக்கூட அது தெலுங்கோ மராத்தியோ என்று சந்தேகம் தீராது, டி. எம். சௌந்தரராஜன் அந்த வீடுகளில் ஒன்றில் பிறந்தவர் என்றால் நம்பாதவர்களும் உண்டு. போன மாணவி திரும்பக் கொண்டுவந்த பேச்சே வேறாக இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து முடிச்சுப் போட்டது, கூலியை யார் கையில் கொடுத்தார்கள் என்பது, முடிச்சே போடாமல் மெழுகு அச்சில் புள்ளி வைத்த சேலையைச் சுங்குடி என்று விற்கிறபோது வருகிற ஆத்திரம். கூடத்தில் கேட்ட வரலாறு பொய்யில்லை. அதோடு நின்றிருந்தால் அந்த வீட்டில் பாதிப் பேரைத் தெரியாமலே திரும்பியிருப்போம். முடிந்தால் இரண்டு பேர் போங்கள், ஒருவர் வெளியாள், ஒருவர் உள்ளாள். வெளியாளுக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொல்வார்கள். உள்ளாளிடம் விளக்காமல் விடுவார்கள், ஆனால் மறைக்க மாட்டார்கள். இரண்டும் வேண்டும்.

பொருள் கையில் இருந்தால் பேச்சு தானாக வரும் என்பதற்கும் பழைய சாட்சி இருக்கிறது. 1938-இல் வாஷிங்டனில், அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலக அரங்கில், நாட்டுப்பாடல் சேகரித்த வெள்ளையரான ஆலன் லோமாக்ஸ் கறுப்பின ஜாஸ் கலைஞர் ஜெல்லி ரோல் மார்ட்டனைப் பியானோ முன்னால் உட்காரவைத்தே பேட்டி எடுத்தார். வாசித்துக்கொண்டே தன் ஊரான நியூ ஆர்லியன்ஸைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போனார் மார்ட்டன். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் சாப்பிட முடியாத இடங்கள் ஏராளமாக இருந்த காலம் அது.

தோல்பாவைக் கூத்துக் கலைஞர்களிடம் நான் செய்வதும் இதுதான். வீட்டில் மராத்தி பேசுகிற குடும்பங்கள், தஞ்சை மராட்டியர் காலத்தோடு தொடர்புள்ளவர்கள். திரைக்குப் பின்னால் ராமாயணம் முழுக்கத் தமிழில். “உங்கள் தாய்மொழி எது?” என்று தொடங்கினால் சங்கடமாக நெளிவார்கள். அதற்குப் பின்னால் சாதிச் சான்றிதழ், பள்ளிச் சேர்க்கை என்று ஆயிரம் வருகிறது. கூத்தின் கோமாளிப் பாவைகளான உச்சிக்குடும்பனையும் உளுவத்தலையனையும் பெட்டியிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். ஒரே ஆள் இரண்டு குரலில் சண்டை போடுவதைக் கேட்டுச் சிரித்த பிறகு, வீட்டில் பிள்ளையைத் திட்டுவது எந்த மொழியில் என்று கேட்கலாம். பதில் சிரிப்போடு வரும்.

கேட்கக் கூடாததும் உண்டு. நீலகிரியில் தோடர் பழங்குடிப் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் போடும் பூவேலையைப் பற்றி நாள் முழுக்கப் பேசலாம். கோடு வரைந்துகொள்வதில்லை, துணியின் இழையை எண்ணி எண்ணியே ஊசி போகிறது. எண்ணிக்கை தவறினால் எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்பது ஒன்றே போதும், நேரம் போவது தெரியாது. எருமைப் பாலைப் பேணும் இடமே கோயிலுமான அவர்களுடைய பால்மனைக் கோயில் சடங்குகளுக்குப் பேச்சு திரும்பும்போது முகம் இறுகினால், சரி என்று ஊசிக்கே திரும்பிவிடுங்கள். அதற்கு மேல் துருவுவது ஆராய்ச்சி ஆகாது.

காசு விஷயம். தறியையோ ஊசியையோ விட்டுவிட்டு நமக்காக உட்காரும் நேரம் அவர்களுக்குக் கூலி நஷ்டம். பணம் கொடுத்தால் பதிலின் தூய்மை கெடும் என்று சில ஆய்வாளர்கள் சொல்வார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்கிறவர்கள் இதைச் சொல்வதுதான் வேடிக்கை. அன்றைய கூலியைப் பேட்டிக்கு முன்பே கொடுத்துவிடுங்கள், எந்தப் பதில் சொன்னாலும் இந்தப் பணம் உங்களுடையது என்று சொல்லியே கொடுங்கள்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவதோடு கடமை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் அதிகம். எழுத்தாக்கம் செய்த பிறகு அதைக் கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள், தபாலில் அனுப்பாதீர்கள். சிலருக்குப் படிக்க வராது, படிக்கத் தெரிந்தவர்களுக்கும் அச்சில் தம் பேச்சைப் பார்த்தால் கூச்சமாக இருக்கும். வாசிக்கும்போது நீக்கச் சொல்வதை நீக்குங்கள், காரணம் கேட்காதீர்கள். பெரும்பாலும் நீக்கச் சொல்வது மாமியார், கொழுந்தன் பற்றிய வரிகளைத்தான். நாம் பயந்துகொண்டிருந்த மதம், சாதி பற்றிய வரிகளை அப்படியே இருக்கட்டும் என்பார்கள். ஒலிப்பதிவின் பிரதியைப் பென் டிரைவில் கொடுத்தால் அது மேசை டிராயரில் கிடக்கும். பத்து நிமிடத் துண்டுகளாக்கி வீட்டிலேயே சின்னவருடைய வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள். மறுநாள் அதைக் கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் “அப்படியில்லை, எங்க அம்மா வேற மாதிரி செய்வாங்க” என்று தானாகவே போன் பண்ணுவார். அடுத்த பேட்டி அவரிடம்.