மாலத்தீவில் எந்தப் பக்கம் தங்குவது? முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், செம்பூரிலிருந்து ஒரு இளம் தம்பதி மும்பை மாட்டுங்காவில் இருக்கும் என் டிராவல்ஸ் கடைக்கு வந்தார்கள். கல்யாணமாகி இரண்டு வாரம். அந்தப் பெண் போனை நீட்டினார். கடல் மேல் மரத்தால் கட்டிய வீடு, படுக்கையறையிலிருந்து நேராகத் தண்ணீருக்குள் இறங்கும் சறுக்குமரம். "மாமா, இதேதான் வேணும். மாலத்தீவுல எங்க தங்கினா என்ன, சுத்தி கடல்தானே?"

"டிக்கெட் போட்டாச்சா?"

"அது போன வாரமே போட்டாச்சு. ஆஃபர்ல கிடைச்சுது."

"மாலேயில எத்தனை மணிக்கு இறங்குறீங்க?"

பையன் போனைத் தடவிப் பார்த்துச் சொன்னான்: "5:40, சாயங்காலம்."

என் கடையில் மாலத்தீவு பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தலைகீழாகத் தொடங்குகிறது. வில்லாவின் படம் முதலில், விமான டிக்கெட் இரண்டாவது, அந்தத் தீவு எங்கே இருக்கிறது என்பது கடைசி.

மாலத்தீவை நம்மவர்கள் கோவா மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். ஏர்போர்ட்டில் இறங்கினால் டாக்ஸி பிடித்து வடக்கோ தெற்கோ போய்விடலாம் என்று. ஆனால் அது வடக்கிலிருந்து தெற்கே 800 கிலோமீட்டருக்கு மேல் நீளும் நாடு. ஏறக்குறைய 1,200 தீவுகள், வளையம் வளையமாகப் பவளத்திட்டுகளுக்குள் அமைந்தவை. அந்த வளையத்துக்குத்தான் அட்டோல் என்று பெயர். அந்த ஊர் திவெஹி மொழியிலிருந்து உலகம் எடுத்துக்கொண்ட சொல் அது. ஒரு ரிசார்ட் என்றால் பெரும்பாலும் ஒரு முழுத் தீவு. ஆகவே 'எந்த ஏரியா' என்று கேட்டால், ஏர்போர்ட்டிலிருந்து அந்தத் தீவுக்கு எப்படிப் போவது என்றுதான் அர்த்தம்.

போவதற்கு மூன்று வழி. ஸ்பீட் போட், சீ பிளேன், அல்லது உள்நாட்டு விமானம் ஏறி இறங்கி அங்கிருந்து போட். இதில் சீ பிளேன் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். என் தொழிலில் நானே சறுக்கிய இடம் அது.

சீ பிளேன் ஓட்டும் பைலட் கண்ணால் பார்த்துத்தான் தண்ணீரில் இறக்குகிறார். கடலில் ரன்வே விளக்கு கிடையாது. அதனால் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். தலைநகர் மாலேயில் உங்கள் விமானம் பிற்பகல் மூன்றரை மணிக்குள் இறங்கிவிட்டால் பெரும்பாலும் அன்றைக்கே ஏற்றிவிடுவார்கள். அதற்குப் பிறகு இறங்கினால் மறுநாள் காலைதான். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், சாயங்கால விமானத்தில் போன ஒரு தம்பதிக்கு சீ பிளேன் தூரத்தில் ரிசார்ட் போட்டுக் கொடுத்தேன். இரவு எட்டு மணிக்கு ஏர்போர்ட்டிலிருந்து போன் வந்தது. பணம் கட்டிய முதல் இரவு வில்லா அங்கே காலியாகக் கிடக்க, அவர்கள் பக்கத்துத் தீவில் ஒரு சாதாரண ஹோட்டலில் தூங்கினார்கள். ஹோட்டல் பில்லை நான் கொடுத்தேன். வில்லாவின் பணத்தை யாரும் திருப்பித் தரவில்லை, தரவும் மாட்டார்கள்.

அன்றிலிருந்து என் மேஜையில் முதல் கேள்வி எத்தனை மணிக்கு இறங்குகிறீர்கள் என்பதுதான்.

சாயங்காலமோ இரவோ இறங்குபவர்களுக்கு வடக்கு மாலே, தெற்கு மாலே அட்டோல்கள்தான் சரி. ஸ்பீட் போட் இரவிலும் ஓடும். கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பல தீவுகளுக்குப் போய்விடலாம். மூன்று இரவு மட்டும் தங்குகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். தங்குவதே மூன்று நாள், அதில் போக ஒரு அரை நாளும் வர ஒரு அரை நாளும் காத்திருப்பில் போவானேன்? குறை இல்லாமல் இல்லை. மாலேவுக்கு மிக அருகில் இருக்கும் சில தீவுகளில் இரவில் தலைநகரத்து விளக்கு வெளிச்சம் தெரியும், விமானங்கள் தலைக்கு மேல் போகும். 'நாங்களும் கடலும் மட்டும்' என்று கனவு கண்டு போகிறவர்கள் அங்கே முகம் சுளிப்பார்கள்.

காலையிலோ மதியத்துக்குள்ளோ இறங்குகிறீர்கள், ஐந்து இரவாவது தங்குகிறீர்கள் என்றால் வட்டத்தைப் பெரிதாக்கலாம். தெற்கு ஆரி அட்டோலில் ஆண்டு முழுவதும் திமிங்கலச் சுறா தென்படும். பா அட்டோல் 2011இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கே ஹனிஃபாரு என்ற விரிகுடாவில், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், மான்ட்டா என்னும் ராட்சதத் திருக்கைகள் கூட்டமாக வந்து மேயும். ஸ்நார்க்கல் என்னும் மூச்சுக்குழாய் மாட்டிக்கொண்டு மேலே மிதந்தபடி பார்க்கலாம், சிலிண்டர் கட்டி டைவ் அடிக்க அனுமதி இல்லை. வேடிக்கை என்னவென்றால், மழைக்காலம் என்று எல்லோரும் ஒதுக்கும் மே முதல் அக்டோபர் வரைதான் ரிசார்ட் விலையும் இறங்கும். நீலவானம் வேண்டுமா, திருக்கை வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் நான் மாதம் சொல்வேன்.

பூமத்திய ரேகையைத் தாண்டி இருக்கும் அட்டூ அட்டோல், கடலடியே உலகம் என்று இருப்பவர்களுக்கும் இரண்டாவது தடவை போகிறவர்களுக்கும். முதல் பயணத்துக்கு வேண்டாம்.

பெற்றோரையும் அழைத்துப் போகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். பிள்ளைகள் வில்லாவைப் பார்ப்பார்கள், நான் அம்மாவின் முழங்காலைக் கேட்பேன். சீ பிளேனில் ஏற ஒடுக்கமான ஏணி. இறங்கும் இடம் சில சமயம் கடல் நடுவில் மிதக்கும் ஒரு மரத் தளம், அங்கிருந்து தோணிக்கு மாற வேண்டும். திவெஹியிலும் அதற்கு தோனி என்றுதான் பெயர், அது ஒன்றுதான் நம் பாட்டிகளுக்கு ஆறுதல். பெரிய மருத்துவமனைகள் மாலே பக்கம் என்பதையும் யோசியுங்கள். சர்க்கரை, இதய நோய், கர்ப்பம் எது இருந்தாலும் ஸ்பீட் போட் தூரத்துக்குள் இருப்பதே நல்லது. மழை மாதங்களில் ஸ்பீட் போட்டும் தூக்கிப் போடும். பெரியவர்களைப் பின்பக்க சீட்டில் உட்கார வையுங்கள், அங்கே குலுக்கல் குறைவு.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாட்டுங்காவிலிருந்து புறப்படும் பெட்டிகளில் சின்னதாக ஒரு வெள்ளிப் பிள்ளையார் இல்லாமல் இருக்காது. மாலத்தீவுக்குள் வழிபாட்டுச் சிலைகள் கொண்டுபோகத் தடை இருக்கிறது. மதுபாட்டிலுக்கும் அப்படியே, டியூட்டி ஃப்ரீயில் வாங்கியதானாலும். போன வருடம் ஒரு மாமியிடம் இதைச் சொன்னபோது, "மூணு நாள் அவரை யார்கிட்ட விட்டுட்டுப் போறது?" என்று கேட்டார். எதிர்வீட்டில் விட்டுவிட்டுப் போனார்.

சரி, அட்டோல் முடிவாகிவிட்டது. இனி தீவு. இதற்கு ரிசார்ட்டின் படங்களை மூடிவிட்டு கூகுள் மேப்பில் சாட்டிலைட் காட்சியைத் திறங்கள். கரையைச் சுற்றி அகலமாக வெளிர் பச்சை நீலம் பரவியிருந்தால் ஆழமில்லாத மணல் தரை. குழந்தைகள் விளையாடலாம், படம் அழகாக வரும், ஆனால் மீன் அதிகம் இருக்காது. கரையை ஒட்டியே அந்த வெளிர் நிறம் முடிந்து கருநீலம் தொடங்கினால் பவளத்திட்டு வாசலிலேயே இருக்கிறது. படியிறங்கினால் ஆமை, மீன் எல்லாம் பார்க்கலாம். நீச்சல் தெரியாதவர்களுக்கு அதே இடம் ஆபத்து. நம்மவர்களில் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது, ஆனால் அதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். கடல் மேல் வில்லாக்களில் சின்னக் குழந்தைகளை அனுமதிக்காத ரிசார்ட்டுகளும் உண்டு. பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சூரிய அஸ்தமனப் பக்க வில்லாவுக்குக் கூடுதல் விலை வைத்திருப்பார்கள். என்னைக் கேட்டால் அந்தப் பணம் வீண். முழுத் தீவையும் சுற்றி நடக்க அரை மணி நேரம்கூட ஆகாத இடங்கள்தான் அதிகம். அஸ்தமனத்தை நடந்துபோய்ப் பார்க்கலாம்.

பட்ஜெட் இடித்தால் மாஃபுஷி போன்ற உள்ளூர்த் தீவுகள். மக்கள் வாழும் ஊர், கடை உண்டு, விருந்தினர் இல்லங்கள் உண்டு. மது கிடையாது, நீச்சலுடைக்குத் தனிக் கடற்கரை. சொகுசு என்று சொல்ல முடியாது. ஆனால் கடல் அதே கடல்.

விலையைப் பார்க்கும்போது அறை வாடகையோடு நிறுத்தாதீர்கள். சீ பிளேனுக்குப் போய்வர ஒருவருக்கு 400, 500 டாலர் என்பது சகஜம். 2025 ஜனவரி முதல் ரிசார்ட்டில் கிரீன் டாக்ஸ் ஒருவருக்கு ஒரு இரவுக்கு 12 டாலர். அதே ஆண்டு ஜூலையிலிருந்து சுற்றுலா ஜி.எஸ்.டி. 17 சதவீதம். சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம் தனி. சாப்பாட்டையும் முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். தீவில் வேறு கடை கிடையாது, மதியச் சாப்பாடு சேராத பேக்கேஜில் ஒரு தட்டு நூடுல்ஸுக்கு டாலரில் அழ வேண்டிவரும். சுத்த சைவம் என்றால் 'வெஜ்' என்று மட்டும் எழுதாமல் மீன், முட்டை, மாசிக்கருவாடு எதுவும் கூடாது என்று எழுதுங்கள். கறிவேப்பிலை வாசத்தை நம்பி எடுத்த கிண்ணத்தில் மாசி கிடக்கும் ஊர் அது.

செம்பூர் தம்பதிக்கு இதையெல்லாம் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அவர்கள் காட்டிய சறுக்குமர வில்லா சீ பிளேன் தூரம். முதல் இரவு ஹுல்ஹுமாலேயில் தங்கிவிட்டு மறுநாள் காலை போகலாம் என்று பையன் ஒரு வழி கண்டுபிடித்தான். ஏர்போர்ட்டிலிருந்து சாலை வழியாகவே போகிற இடம், யோசனை மோசமில்லை. நான்கு இரவில் ஒன்று கழியும், அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்கும் சம்மதம்.

"சரி, திரும்பி வர்ற ஃபிளைட் எத்தனை மணிக்கு?" என்றேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் மறுபடி போனை எடுத்தான். "காலைல 8:50."

விடிந்த பிறகு சீ பிளேன் கிளம்பி, மாலே வந்து, பெட்டியைப் போட்டு, பாஸ்போர்ட் கவுன்டர் தாண்டி அந்த விமானத்தைப் பிடிக்க முடியாது. கடைசி இரவும் ஹுல்ஹுமாலேதான். மீதி இரண்டு இரவு.

அந்தப் பெண் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஸ்பீட் போட் தூரத்துல என்னென்ன இருக்கு, காட்டுங்க மாமா" என்றார்.